“அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா” என்று சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 வருடமாக ஓவர்லாக் தைக்கிறேன். கம்பெனி எதிரில் இருக்கும் டீக்கடையில்தான் உங்கள் பேப்பர் படிப்பேன். மாணவர்களின் மனநலம் பற்றி அதில் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் பரீட்சை முடிவு வருகிற மே மாதத்தில். என் மகனுக்கு நடந்தது மே மாதத்திலும் இல்லை, பரீட்சையாலும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். 2024 ஜூலையில் மாரடைப்பில் போய்விட்டார். மகன் அப்போது பத்தாம் வகுப்பு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தான். வகுப்பு ஆசிரியருக்கு விஷயம் தெரியும். அவனை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார். செப்டம்பரில் அவர் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போனார். அடுத்து வந்தவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நவம்பரில் ஒருநாள் கணக்கு போடாமல் வந்த பையன்களை எழுப்பி நிறுத்தியவர், இவனிடம், “நாளைக்கு உங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் உள்ளே விடுவேன்” என்று சொல்லியிருக்கிறார். இவன் “சரிங்க சார்” என்று சொல்லியிருக்கிறான். சுற்றி இருந்த பையன்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்கு அது 11 நாள் தெரியாது. காலையில் சீருடை போட்டு, பையும் சாப்பாட்டு டப்பாவும் எடுத்துக்கொண்டு கிளம்புவான். நொய்யல் கரையில் ஒரு இடத்தில் உட்கார்ந்து, கொடுத்துவிட்ட சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் சரியான நேரத்துக்கு வீட்டுக்கு வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போதுதான் பார்த்தேன். அவன் பேண்ட் கீழ்மடிப்பு முழுக்க நாயுருவி முள் ஒட்டியிருந்தது. நாள் முழுக்கத் துணியிலேயே கிடக்கிற கண், அதனால் பட்டது. பள்ளிக்கூடத்தில் சிமெண்ட் தரை. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அப்போதுதான் அழுதான். அவன் அப்பா இறந்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

பள்ளியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பத்தான் செய்திருக்கிறார்கள், ஆனால் என் கணவரின் எண்ணுக்கு. அந்தப் போனில் என் சின்ன மகள் கார்ட்டூன் பார்ப்பாள். உங்கள் பிள்ளை இன்று வரவில்லை என்று 11 செய்தி திறக்கப்படாமல் கிடந்தது. வரிசையாக ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன்.

திங்கட்கிழமை அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். அந்த ஆசிரியருக்கு முகமே மாறிவிட்டது. “எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா தெரியாது” என்று இரண்டு தடவை சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று பிரிவுக்குக் கணக்கு நடத்துகிறார், போதாததற்கு மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு வேலை வேறு. அந்த வார ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைன் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டீ குடித்தார், அவனோடு கிரிக்கெட் பேசினார். கிளம்பும்போது என் எண்ணையும், நான் எடுக்காவிட்டால் கூப்பிடப் பக்கத்து வீட்டு அக்கா எண்ணையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். மகன் மறுநாள் பள்ளிக்குப் போனான். இந்த எண்களை ஜூலையிலேயே பள்ளியில் வாங்கி வைத்திருக்கலாம், இல்லையா?

ஆனால் தூக்கம் வரவில்லை அவனுக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பான். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர் 14416 என்ற எண்ணைக் கொடுத்தார். ‘நட்புடன் உங்களோடு’ என்று 2022-ல் அரசு தொடங்கியது, எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன். எதிர்முனையில் இருந்த பெண் அவசரப்படுத்தாமல் கேட்டார். பிறகு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழி சொன்னார். நாலு தடவை போனோம். இது துக்கம், மாத்திரை வேண்டாம், பேசிப் பேசித்தான் இறங்கும் என்று டாக்டர் சொன்னார். இப்போது பதினோராம் வகுப்பில் வணிகவியல் படிக்கிறான், தூங்குகிறான்.

பாடப்புத்தகத்தில் 14417 (பள்ளிக் கல்வி உதவி), 1098 (குழந்தைகள் உதவி) என்று எண்கள் போட்டிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அப்பா செத்துப்போனதையே வாய்விட்டுச் சொல்ல முடியாத பிள்ளை, போன் போட்டு யாரிடம் பேசுவான்? அவன் முகத்தைப் பார்த்துக் கேட்க, பள்ளிக்குள்ளேயே ஒரு ஆள் வேண்டும். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொல்லியிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட்டுக்குப் படித்த 17 வயதுப் பெண் இறந்த வழக்கில் கொடுத்த தீர்ப்பு அது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கிற கல்வி நிறுவனங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வெளியே இருக்கும் மனநல நிபுணரோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். என் மகன் பள்ளியில் ஆயிரம் பேருக்கு மேல் படிக்கிறார்கள். இன்றுவரை ஆலோசகர் என்று யாரும் இல்லை.

அப்படி ஒருவர் இருந்திருந்தால் ஆசிரியர் மாறினாலும் செய்தி மாறாமல் கைமாறியிருக்கும். என்னைப் போன்ற வீடுகளுக்கு இன்னொன்றும் கிடைத்திருக்கும். தாய் மட்டும் வளர்க்கிற பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி இருப்பதே எனக்கு மருத்துவமனை வரிசையில் பக்கத்தில் நின்ற அம்மா சொல்லித்தான் தெரியும். நகர்ப்புறத்தில் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் லைனிலேயே கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. கலெக்டர் ஆபீசில் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். அவருடைய மகளும் பள்ளியில் படிக்கிறவள்தான். பள்ளியில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இதையெல்லாம் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசலாமே என்பார்கள். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சரி. ஆனால் எங்கள் பள்ளியில் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. சனிக்கிழமை சம்பளம், வெள்ளிக்கிழமை ஒன்றரை ஷிப்ட். திருப்பூரில் எந்தத் தாய் மூன்று மணிக்கு மிஷினை விட்டு எழுந்து வர முடியும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள், நான் வருகிறேன், என் லைனிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டும் வருகிறேன்.

ஆலோசகரை நியமிக்க அரசாணையும் பணமும் வேண்டும், நாளாகும். அதுவரைக்கும் பள்ளிக் கல்வித் துறையிடம் கேட்பது ஒன்றுதான். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், வகுப்பு ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எதாவது என்றால் யாருக்குப் போன் போட வேண்டும் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். ஆசிரியர் மாறும்போது அந்த நோட்டை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

மகனுக்காக என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திருப்பூர்.