ஒரு நாள் இருந்தால் தஞ்சாவூர் மட்டும் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வந்த 'ஒரே நாளில் தஞ்சை' பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அதிலுள்ள திட்டப்படி கிளம்புகிறவர்கள் அன்று அதிகம் பார்க்கப்போவது கார் ஜன்னலைத்தான். பெரிய கோயிலுக்கு முக்கால் மணி நேரம், அரண்மனைக்கு அரை மணி, அப்புறம் தாராசுரம், கும்பகோணம், கங்கைகொண்ட சோழபுரம் என்று ஓடச் சொல்கிறது கட்டுரை. கும்பகோணம் இங்கிருந்து 40 கிலோமீட்டர், கங்கைகொண்ட சோழபுரம் ஏறக்குறைய 70. போய்த் திரும்புவதிலேயே பொழுது போய்விடும்.

வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அழைத்துப் போய்க் காட்டுவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இந்த ஊரில் வெயில்தான் நேரத்தை முடிவு செய்கிறது. பெரிய கோயிலுக்குக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று இரண்டு தடவை போக வேண்டும். மதியம் சந்நிதி நடை சாத்தியிருக்கும். கல்தரையில் வெறுங்காலை வைக்கவும் முடியாது.

காலையில் போனால் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே கண்ணைக் கீழே இறக்குங்கள். கருவறைக்கு மேலே எழும் அந்தக் கோபுரத்துக்கு விமானம் என்று பெயர்; அதன் அடித்தளம் முழுக்க எழுத்து. சாய்வாக விழும் வெயிலில் அது நன்றாக எடுத்துக் காட்டும். "நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்னவன் முதலாம் ராஜராஜன். தனக்கு அடுத்ததாக அக்காள் குந்தவையைச் சொல்கிறான், பாருங்கள். சுற்றுச்சுவரில் உள்ள கல்வெட்டு இன்னும் சுவாரசியம். கோயிலில் ஆட வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில், அதாவது தெருவின் எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்று முகவரியோடு இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சம்பளப் பட்டியல் இது! முக்கால் மணி நேரத்தில் இதில் எதைப் பார்ப்பது?

கட்டுரையில் ஒரு திருத்தமும் உண்டு. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக விழும். மாலை ஐந்து மணிக்கு வந்து பாருங்கள், அந்த நிழலில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் உட்கார்ந்துகொண்டே பிள்ளைகளிடம் நிழல் விழாது என்று சொல்கிறவர்களும் உண்டு!

வெயில் ஏறியதும் அரண்மனைக்கு வந்துவிடலாம். ஆட்டோவில் சிறிது நேரம்தான். அங்குள்ள கலைக்கூடத்தைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன மூர்த்தி, அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், அங்கேதான் இருக்கிறார். 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டி, ஒரு காலை மாற்றி வைத்து, காளைமீது கையை ஊன்றி ஒய்யாரமாக நிற்கிறார். காளைதான் இல்லை. ஆனாலும் அந்தக் கை ஊன்றியிருக்கிற விதத்தில் காளையின் உயரம்கூட நமக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கவாட்டிலும் போய்ப் பாருங்கள். சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடமும் அதே வளாகத்தில்தான்.

பிறகு சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்தால் தப்பில்லை. மாலையில் கோயிலுக்குத் திரும்பும் வழியில் சிவகங்கைப் பூங்கா பக்கம் 1779இல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயத்தை எட்டிப் பார்க்கலாம். தலையாட்டி பொம்மை வாங்குகிறவர்கள் கடையிலேயே மேஜைமேல் வைத்துத் தட்டிப் பாருங்கள். சாய்த்துவிட்டால் தானாக நிமிர வேண்டும், சிலது நிமிர்வதில்லை.

கும்பகோணத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தனிக் கட்டுரையாக எழுதுங்கள். அதற்குக் கும்பகோணத்தில் ஓர் இரவு தங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேல வீதி, தஞ்சாவூர்