கைபேசியைக் கட்டிப்போடும் சட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களை அடக்க, ஊரடங்கு போதாதென்று பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் இலங்கை அரசு முடக்கியது. தடையைச் சுற்றிப் போக உதவும் வி.பி.என். செயலிகள் இருக்கும்போது இந்தத் தடையால் பயனில்லை என்று அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே சொன்னார். அன்றே தடை நீங்கியது. அடுத்த சனிக்கிழமை கொழும்பு காலிமுகத்திடல் போராட்டக்காரர்களால் நிரம்பி வழிந்தது. எரிவாயு வரிசையில் கால்கடுக்க நின்றவர்கள் எடுத்துப்போட்ட படங்களுக்கு அதில் பெரிய பங்குண்டு.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மே 18. 2009இல் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் இறந்த தமிழ் மக்களின் நினைவாக, அதே திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறப்பட்டது. சிங்கள இளைஞர்களும் வாங்கிக் குடித்தார்கள். அந்தக் காட்சி கைபேசி வழியாகத் தெற்கின் வீடுகளுக்குள் போனது. பல ஆண்டுகள் வடக்கில் விளக்கேற்றவே தடுக்கப்பட்ட நினைவேந்தல் அது!

இப்படியிருக்க, 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையப் பதிவுகளில் எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. வதந்தியை அடக்க வேண்டும், சரி. அதற்காக அமைதியாகப் போராடுகிறவரின் வாயையும் அடைப்பதா? அந்த அதிகாரம் நீதிமன்றத்திடம் மட்டுமே இருக்கும்படி சட்டத்தை மாற்றி எழுத வேண்டும்.

வாசகர்,
வெள்ளவத்தை