அக்காவுக்கு ஒரு கடிதம்: என் மருமகளை ராக்கெட் விட அனுப்புங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

சென்ற வாரம் தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். "பதினொரு வயதுப் பெண்ணை வெடிமருந்து இருக்கும் இடத்துக்கு ஏன் கூப்பிடுகிறாய்?" என்று கேட்டீர்கள். தாயாகிய உங்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. இதே தயக்கம் வேறு பெற்றோர்களுக்கும் இருப்பதை அறிவேன் என்பதால், உங்களுக்கு எழுதும் இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி வைக்கிறேன்.

உங்கள் அச்சத்தில் உண்மை இருக்கிறது. சிறிய மாதிரி ராக்கெட்டின் மோட்டாருக்குள் இருப்பது கருமருந்துதான். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை. தீபாவளியன்று பாட்டிலில் நிறுத்தி நாம் கொளுத்திய ராக்கெட்டிலும் இதே மருந்துதான். ஆனால் அந்த மருந்தை யார் அடைக்கிறார்கள், எப்படிப் பற்றவைக்கிறார்கள், அது பற்றும்போது மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள், மேலே போனது எப்படிக் கீழே இறங்குகிறது என்ற கேள்விகளுக்கு மாதிரி ராக்கெட் விடும் இந்தப் பொழுதுபோக்கு ஒழுங்கான விடைகளை வைத்திருக்கிறது. அந்த விடைகள் உருவான கதையைத் தெரிந்துகொண்டால் உங்கள் மனம் பாதி அமைதியடையும் என்று நம்புகிறேன்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற ஊரில் காலணிக் கடை நடத்திவந்த ஆர்வில் கார்லைல் என்பவர் வாணவேடிக்கைக் கலையிலும் தேர்ந்தவர். மாதிரி விமானங்களில் ஈடுபாடு கொண்ட தம் உடன்பிறந்தவர் ராபர்ட்டுடன் சேர்ந்து, 1954-இல் அவர் காகிதக் குழாயும் மரத் துடுப்புகளும் கொண்ட ஒரு சிறு ராக்கெட்டை உருவாக்கினார். அதன் மோட்டார் தனியாகச் செய்யப்பட்டது. ஒருமுறை எரிந்ததும் அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். உச்சிக்குப் போனதும் பாராசூட் விரிந்து ராக்கெட் முழுசாகத் திரும்பி வந்தது. அதே காலத்தில் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன், சிறுவர்கள் குழாய்களில் தாங்களே மருந்தை அடைத்து ராக்கெட் செய்வதன் ஆபத்தைப் பற்றி 1957-இன் தொடக்கத்தில் ஓர் இதழில் எழுதினார். அப்படிச் செய்து விரல்களை இழந்தவர்களும் உயிரையே இழந்தவர்களும் இருந்தார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த கார்லைல், தம் ராக்கெட்டுகளை ஸ்டைனுக்கு அனுப்பிவைத்தார். அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியத்தின் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் வானில் ஏறியதும் அமெரிக்கா முழுவதும் சிறுவர்களின் கவனம் ராக்கெட் பக்கம் திரும்பியது. ஆபத்தில்லாத மாற்றுவழி ஒன்று அப்போது தயாராக இருந்தது. தேசிய ராக்கெட்ரி சங்கமும் அதன் பாதுகாப்பு விதிகளும் அந்தச் சூழலில் பிறந்தவை. கொலராடோவைச் சேர்ந்த வெர்ன் எஸ்டஸ் மோட்டார்களை இயந்திரத்தில் ஒரே சீராகச் செய்யும் வழியைக் கண்டபிறகு, யாரும் வீட்டில் மருந்தைத் தொடவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

ஆகவே, அக்கா, முதல் விதி இதுதான்: மருந்தை நாம் கலப்பதில்லை, அடைப்பதில்லை, அடைத்த மோட்டாரைப் பிரிப்பதும் இல்லை. மருமகள் கையில் எடுக்கப்போவது விரல் பருமனும் 7 செ.மீ. நீளமும் உள்ள, கெட்டிக் காகிதச் சுவர் கொண்ட ஓர் உருளை. அதன் மேல் 'ஏ8-3' என்று அச்சிட்டிருக்கும். 'ஏ' என்ற எழுத்து மொத்தக் கணத்தாக்கை, அதாவது உந்துவிசையையும் அது நீடிக்கும் நேரத்தையும் பெருக்கினால் வரும் அளவைச் சொல்கிறது; அது 2.5 நியூட்டன்-விநாடிக்கு மேல் போகாது. அடுத்த எழுத்துக்குப் போகும்போது அந்த உச்சவரம்பு இரட்டிப்பாகும்: 'பி'க்கு 5, 'சி'க்கு 10. நடுவில் உள்ள 8, சராசரி உந்துவிசையை நியூட்டன் என்னும் விசை அலகில் குறிக்கிறது. கடைசியில் உள்ள 3, மருந்து எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளித்தள்ளும் சிறு வெடிப்பு நிகழும்வரை கழியும் விநாடிகள். அந்த மூன்று விநாடிகளில் ராக்கெட் உந்துதல் இல்லாமலே மேலேறுகிறது. புகை விடுவதால் கண்ணுக்கும் பிடிபடுகிறது. இவ்வளவு செய்தியை மூன்று குறியீடுகளில் அடக்கியிருப்பதை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

இனி, ஒரு காலைப்பொழுது எப்படிப் போகும் என்று சொல்கிறேன். நாங்கள் கூடுவது கலிபோர்னியாவின் சேக்ரமெண்டோ நகருக்குத் தெற்கே உள்ள ஒரு மேய்ச்சல் நிலத்தில். கோடையில் புல் காய்ந்துவிட்டால் தீப்பிடிக்கும் என்பதால் அங்கே ஏவுவதே இல்லை. மழைக்காலத்திலும், புல் பச்சையாக இருக்கும் இளவேனிலிலும் மட்டும்தான். காலையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் காற்று. வெயில் ஏற ஏற நிலம் சூடாகிக் காற்றும் வலுக்கும். மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் ஏவக்கூடாது என்பது விதி, ஆனால் அதற்கு வெகுமுன்பே அனுபவம் உள்ளவர்கள் பெட்டியை மூடிவிடுவார்கள். காற்றடிக்கும்போது ராக்கெட் காற்று வரும் திசை நோக்கித் தலையைத் திருப்பிச் சாய்ந்து பறக்கும். பாராசூட்டோ எதிர்த்திசையில் அடித்துச் செல்லப்பட்டு வேலி தாண்டிப் போய்விடும்.

முதல் வேலை பாராசூட் மடிப்பது. வெளித்தள்ளும் வெடிப்பின் சூடு பாராசூட்டை உருக்கிவிடாமல் இருக்க, தீப்பற்றாதபடி பதப்படுத்திய மெல்லிய தாளைக் கசக்கி முதலில் உள்ளே தள்ளவேண்டும். அதற்குமேல் மடித்த பாராசூட், அதற்குமேல் ராக்கெட்டின் தலையாகிய கூம்பு. கூம்பு இறுக்கமாக இருந்தால் பாராசூட் வெளிவராது, தளர்ந்திருந்தால் நடுவழியில் கழன்றுவிடும். ராக்கெட்டைக் கூம்பைப் பிடித்துத் தூக்கினால் கழலக்கூடாது, மெல்ல இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். இதற்குப் பொறுமையான விரல்கள் தேவை. மருமகள் உங்களிடம் பூக்கட்டக் கற்றுக்கொண்ட விதத்தைப் பார்த்திருக்கிறேன். இந்த வேலையில் அவள் என்னைவிடத் தேர்ந்தவளாவாள்.

அடுத்தது சமநிலை. மோட்டாருடன் சேர்த்து ராக்கெட்டின் எடைமையம் எங்கே இருக்கிறது என்று விரல்மேல் வைத்துப் பார்ப்போம். காற்றின் அழுத்தம் குவியும் மையத்தைவிட எடைமையம் குறைந்தது ஒரு குழாய் விட்டமாவது முன்னால் இருக்கவேண்டும். இருந்தால் ராக்கெட் நேராகப் போகும். இல்லையென்றால் தலைசுற்றி எங்கேயோ பாயும். அழுத்த மையத்தைக் கணக்கிடும் முறையை 1960-களில் வகுத்தவர், நாசாவின் காடர்ட் மையத்தில் பணிபுரிந்த ஜேம்ஸ் பாரோமன். தாமே மாதிரி ராக்கெட் விட்ட ஒரு பொறியாளர் பள்ளி மாணவரும் போட்டுப் பார்க்கும்படி எழுதித் தந்த கணக்கு அது. துடுப்புகள் ஏன் வால்பக்கம் இருக்கின்றன என்று குழந்தை கேட்டால், பாடப்புத்தகம் இல்லாமல் களத்திலேயே விடை கிடைக்கும்.

பிறகு பாதுகாப்பு அலுவலரின் மேசை. அங்கே ஒவ்வொரு ராக்கெட்டையும் ஒருவர் கையில் வாங்கித் துடுப்புகளை அசைத்துப் பார்ப்பார், மோட்டார் உறுதியாகப் பொருந்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். முகம் பார்த்து அனுமதிக்கும் வழக்கம் அங்கே இல்லை. மேசையைத் தாண்டினால் ஏவுமேடை. செங்குத்தான ஒரு கம்பியில் ராக்கெட்டைக் கோத்து, மோட்டாரின் வாயில் இக்னைட்டர் என்னும் மெல்லிய கம்பியைச் செருகி, மின்கம்பியின் கவ்விகளை மாட்டிவிட்டுப் பின்வாங்க வேண்டும். தீக்குச்சி, ஊதுபத்தி, திரி எதற்கும் இடமில்லை. 'டி' வகை வரையிலான மோட்டார் என்றால் குறைந்தது 15 அடி தள்ளி நிற்கவேண்டும், பெரியவற்றுக்கு 30 அடி. பாதுகாப்புச் சாவியைச் செருகினால்தான் ராக்கெட்டை ஏவும் மின்பொத்தானுக்கு உயிர் வரும். கம்பி மாட்டுபவர் மேடையருகே இருக்கும்போது சாவி வெளியில்தான் இருக்கும்.

வானத்தில் விமானமோ கீழே ஆளோ இல்லை என்று உரக்கச் சொல்லியபிறகே ஐந்திலிருந்து எண்ணுவார்கள். சில சமயம் பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்காது. அப்போது சாவியை எடுத்துவிட்டு, முழுதாக ஒரு நிமிடம் யாரும் மேடையை நெருங்காமல் நிற்கவேண்டும். உங்களுக்கு நான் காட்ட விரும்புவது இந்த ஒரு நிமிடத்தைத்தான், அக்கா. அணைந்துபோன ராக்கெட்டைக் குனிந்து பார்க்கப் போய் முகம் கருகியவர்களை நம் தெருவிலேயே நாம் அறிவோம். இங்கே எட்டு வயதுப் பையனும், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் ராக்கெட் கிளம்பாத ஏமாற்றத்தோடு அந்த நிமிடம் முழுவதும் அசையாமல் நிற்கிறான். அந்தப் பழக்கம் நம் குழந்தைக்கும் வரவேண்டும் என்று விரும்புகிறேன்.

கிளம்பும்போது சீறல் ஒன்று கேட்கும். அரை விநாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் எரிதல் முடிந்துவிடும். சிறிய ராக்கெட் 'ஏ' மோட்டாரில் ஏறத்தாழ 100 மீட்டர் ஏறும். அவள் பின்னாளில் பள்ளியில் படிக்கப்போகும் முக்கோணக் கணக்கை இங்கேயே தொடங்கலாம்: மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்று கோணமானியால் உச்சியைப் பார்த்து, கோணம் 45 பாகை என்றால் உயரம் 100 மீட்டர், 60 பாகை என்றால் 173 மீட்டர். பிறகு நடந்துபோய்த் தேடி எடுத்துவரவேண்டும். பாராசூட்டின் நடுவில் சிறு துளை வெட்டினால் வேகமாக இறங்கும், நடை குறையும். அடுத்த ஏவுதலுக்கு இந்தத் துளை வேண்டுமா என்று முடிவெடுப்பதை அவளிடமே விட்டுவிடுவேன்.

அவளுக்குப் பிடித்துப்போனால் மேலே செல்லவும் வழி இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பள்ளி மாணவர் அணிகளுக்காக ஆண்டுதோறும் நடக்கும் தேசியப் போட்டி ஒன்றில், ராக்கெட்டுக்குள் கோழிமுட்டையை வைத்து, குறித்த உயரத்துக்கு ஏற்றி, குறித்த நேரத்தில், உடையாமல் இறக்கவேண்டும். ஆனால் அதைப் பற்றி இப்போது அவளிடம் பேசவேண்டாம். முதலில் ஒரு காலை மட்டும் வரட்டும்.

நீங்களும் அத்தானும் உடன் வாருங்கள். மேசைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அவளுக்கு மூடிய காலணி, தொப்பி, கூந்தலை இறுக்கக் கட்டிய பின்னல் ஆகியவை போதும். துப்பட்டா வேண்டாம், கவ்விகளில் சிக்கும். உங்கள் சம்மதம் கிடைத்தால் பாகங்களைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். துடுப்புகளை ஒட்டிய பசை ஓர் இரவு முழுதும் காயவேண்டும் என்பதால், சனிக்கிழமை ஏவுதலுக்கு வியாழனன்றே ஒட்டிவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி