மலாக்கா பயணம்: ஞாயிறு, ஜூன் 15

வணக்கம் பகாவ் குடும்பங்களே. காலை 6.30க்கு தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலிலிருந்து பஸ் கிளம்பும்.

மலாக்காவிலேயே தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் வம்சாவளியினரான மலாக்கா செட்டிகள் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில், 1748இல் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், செங் ஹூன் தெங் சீனக் கோயில், மூன்றும் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பதால் நடந்தே பார்க்கலாம். சீனக் கோயில் கூரையைக் கட்டாயம் அண்ணாந்து பாருங்கள், பீங்கானைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய அந்த வேலைப்பாட்டை நம் பிள்ளைகள் பார்த்தே ஆகவேண்டும்.

1. பெரியவர் 35 வெள்ளி (ரிங்கிட்), பிள்ளைகள் 20. பஸ்ஸில் கொடுத்தால் போதும்.
2. தோள், முழங்கால் மூடிய உடை. பெண்கள் பள்ளிவாசலுக்குத் துப்பட்டா எடுத்துக்கொள்ளுங்கள்.
3. பழைய சிலை, ஓவியம் எதையும் தொட வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம்.
4. பசியாறல் பஸ்ஸிலேயே.

வியாழன் இரவுக்குள் எத்தனை பேர் என்று இங்கேயே எழுதுங்கள். வயதானவர்கள் வந்தால் சொல்லுங்கள், முன் சீட் ஒதுக்குகிறோம்.