முட்டை காத்திருக்காது: கால்நடைப் பயிற்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். சுவரில் பெரிய படம் மாட்டி, சூலகம், கருக்குழாய், கருப்பை, கருப்பை வாய் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினீர்கள். நன்றாகவே விளக்கினீர்கள். நானும் படத்தைக் குறிப்பேட்டில் அப்படியே வரைந்துகொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து என் மாட்டின் முன்னால் நின்றபோது, அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

என் கறவை மாட்டுக்கு நான்கு தடவை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லை. விந்து சரியில்லை என்றார் ஒருவர். போட்டவர் கை சரியில்லை என்றார் இன்னொருவர். மலட்டு மாடு, தள்ளிவிடு என்பது கடைசியாக வந்த யோசனை. தள்ளிவிடத்தான் இருந்தேன். அப்போது வந்து பார்த்த கால்நடை மருத்துவர், மாட்டைத் தொடுவதற்கு முன்பே என்னிடம் ஒன்று கேட்டார்: “ஊசி போட்ட மறுநாள் காலையில் வாலில் இரத்தக்கறை இருந்ததா?”

இருந்தது. மூன்று தடவை பார்த்திருந்தேன். சினை பிடித்ததற்கு அடையாளம் என்று நினைத்து மகிழ்ந்தும் போயிருந்தேன்.

அவர் தொழுவத்துத் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன். பசு பருவத்தில், அதாவது இணைசேரத் தயாராக, இருப்பது 12 முதல் 18 மணி நேரம். அந்த நேரத்துக்குள் முட்டை வெளிவருவதில்லை. அறிகுறிகள் அடங்கி, சுமார் 10 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வருகிறது. வந்த முட்டைக்குச் சில மணி நேரம்தான் ஆயுள். விந்தணு ஏறக்குறைய ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் உள்ளே போனவுடன் முட்டையைத் துளைக்கும் தகுதி அதற்கு வந்துவிடாது, சில மணி நேரம் அங்கே இருந்து பக்குவப்பட வேண்டும். அதனால் விந்தணுதான் முந்திப் போய்க் காத்திருக்க வேண்டும். முட்டை காத்திருக்காது. காலையில் பருவம் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்ற வழக்கம் இந்தக் கணக்கில் வந்ததுதான்.

இரத்தக்கறை, பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாளில் கருப்பையின் உள்சுவரிலிருந்து கசிவது. சினை பிடித்தது என்றும் அது சொல்லாது, பிடிக்கவில்லை என்றும் சொல்லாது. பருவம் கடந்துவிட்டது என்று மட்டும் சொல்லும். ஊசி போட்ட மறுநாளே அது தெரிந்தால், பெரும்பாலும் நாம் பிந்திப் போயிருக்கிறோம். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இரவில் தொடங்கிய பருவத்தைக் காலைப் பால் கறக்கும்போது கவனிப்பேன். “கத்தட்டும், நாளைக்குப் பார்க்கலாம்” என்று வயலுக்குப் போய்விடுவேன்.

காலை மாலை வழக்கத்தை நீங்கள் சொல்லாமல் இல்லை. வகுப்பு முடியும் நேரத்தில் ஒரு வரியாகச் சொன்னீர்கள், காரணம் சொல்லவில்லை. காரணம் தெரியாத விதியை, வேலை குவிந்து கிடக்கிற நாளில் எவரும் தள்ளித்தான் போடுவார்கள். முட்டையின் ஆயுள் சில மணி நேரம் என்று தெரிந்திருந்தால் நான் தள்ளிப்போட்டிருக்க மாட்டேன்.

சரி, பருவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கத்துவதை மட்டும் நம்பக்கூடாது, பசித்தாலும் கன்றைப் பிரித்தாலும் மாடு கத்தும். மற்ற மாடுகள் மேலே தாவும்போது விலகாமல் நின்று கொடுக்கிறதே, அந்த மாடுதான் உறுதியாகப் பருவத்தில் இருக்கிறது. தாவுகிற மாட்டைப் பார்த்து ஏமாந்துவிடுகிறோம். நாள் முழுக்கக் கட்டியே கிடக்கும் மாட்டுக்கு இதைக் காட்ட வழியே இல்லை. விடியலிலும் அந்தியிலும் கால் மணி நேரம் அவிழ்த்துவிட்டால் பல சந்தேகங்கள் தீரும். வாலடியில் மயிர் கலைந்திருக்கும், பக்கவாட்டில் சேறு படிந்திருக்கும். அப்புறம், பருவத்தில் பிறப்புறுப்பிலிருந்து வழியும் கோழை. கண்ணாடிபோலத் தெளிவாக, அறுந்து விழாமல் கயிறாக நீண்டு தொங்கும். காய்ந்துவிட்டால் வால் முடியில் பசை போட்டதுபோல ஒட்டிக்கிடக்கும். கலங்கி, சீழ் கலந்திருந்தால் அன்றைக்கு ஊசி வேண்டாம், மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இதை வண்ணப்படத்தில் காட்டாதீர்கள். மாட்டின் பின்னால் கூட்டிக்கொண்டு போய், விரலில் எடுத்து இழுத்துக் காட்டுங்கள்.

பருவம் 21 நாளுக்கு ஒருமுறை திரும்பும் என்ற கணக்கையும் காரணத்தோடு சொல்லுங்கள். முட்டை வெளிவந்த இடத்தில் மஞ்சள் நிறத் திசு ஒன்று வளர்ந்து புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது இருக்கும்வரை அடுத்த பருவம் வராது. கரு தங்கவில்லையென்றால், 16, 17 நாள் வாக்கில் கருப்பையே இன்னொரு சுரப்பை அனுப்பி அதைக் கரைத்துவிடுகிறது, மாடு மறுபடி பருவத்துக்கு வருகிறது. இது புரிந்தவர் ஊசி போட்ட 18-ஆம் நாளிலிருந்து 24-ஆம் நாள்வரை கண்கொத்திப் பாம்பாக இருப்பார். புரியாதவர் மூன்று மாதம் கழித்துத்தான் ‘ஏன் வயிறு தெரியவில்லை’ என்று கேட்பார். அதே சமயம், சினையாக இருக்கும் மாடுகளில் சிலவும் பருவத்துக்கு வந்ததுபோல நடிக்கும். பரிசோதிக்காமல் மறுபடி ஊசி போட்டால் இருக்கிற கருவும் கலையலாம்.

எல்லாவற்றையும் பசுவை வைத்தே சொல்லி முடித்துவிடுகிறீர்கள் என்பதும் என் குறை. எருமைக்கு ஊமைப் பருவம். தாவுவது குறைவு, இரவில்தான் அதிகம் தெரியும். எருமை வைத்திருப்பவரிடம் ‘தாவுகிறதா பாருங்கள்’ என்றால் அவர் காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பார். வெள்ளாட்டுக்குச் சுழற்சி 21 நாள், செம்மறிக்கு 17. இரண்டுக்கும் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். பசுவுக்கு 280, எருமைக்கு 310 அளவில். பன்றி 114 நாள், பருவத்தில் முதுகை அழுத்தினால் அசையாமல் நிற்கும். முயலுக்கோ இப்படிக் காத்திருக்கும் பருவச் சுழற்சியே கிடையாது, இணைசேர்ந்த பிறகுதான் முட்டை வெளிவருகிறது.

ஆணைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. விரைப்பை வெளியே தொங்குவதே உடலைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருக்கத்தான். காளையில் விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். கடும் காய்ச்சலோ வெப்பமோ தாக்கினால், விலங்கு தேறி நன்றாக மேயத் தொடங்கிய பிறகும் வாரக்கணக்கில் அதன் விந்து பலவீனமாகவே இருக்கலாம். மந்தைக்கு ஒரே கிடா வைத்திருப்பவருக்கு இது தெரியாவிட்டால், பழி முழுக்கப் பெட்டை ஆடுகள்மேல் விழும்.

இன்னொன்று. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகவே இருக்கும். கருவிலேயே இரண்டின் இரத்தமும் கலந்து, கிடேரியின் இனப்பெருக்க உறுப்புகள் சரியாக வளராமல் போவதுதான் காரணம். இது தெரியாமல் ஒருவர் மூன்று வருடம் தீனி போட்டுப் பருவத்துக்குக் காத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு வாக்கியம் அவரைக் காப்பாற்றியிருக்கும்.

கடைசியாக, யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். என் வீட்டில் கோழையையும் கறையையும் முதலில் கவனித்தவர் என் மனைவி. வகுப்புக்கு வந்தது நான். அவர் அன்றைக்குத் தொழுவத்தில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். மாட்டை நாள் முழுக்கப் பார்ப்பவர் வகுப்பில் இல்லையென்றால், எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் பாதிதான் போய்ச் சேரும்.

அந்த மாடு ஐந்தாவது ஊசியில் சினை பிடித்தது. விடியற்காலை பருவம் கண்டோம், அன்று மாலையே ஊசி போட்டோம். 283-ஆம் நாள் கிடேரிக் கன்று. இப்போது ஒரு நாட்காட்டியில் பருவம், ஊசி, கறை எல்லாவற்றையும் என் மனைவி குறித்துவைக்கிறார். அடுத்த வகுப்பை விடியற்காலையில், ஒரு தொழுவத்தில் வையுங்கள். நாங்கள் இருவரும் அந்த நாட்காட்டியோடு வருகிறோம்.

அன்புடன்,
மாடு வளர்க்கும் ஒருவன்