அழைப்பைத் துண்டிக்காத அக்காவுக்கும், கூடவே நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள சமையல் குழு உறவுகளுக்கு,

வணக்கம். ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் செய்து நன்றி சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டாவது வாக்கியத்திலேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன். என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடியும் எழுதுவதற்கு எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் செய்ததைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

சமையலறைக்குள் தனியாகக் கால் வைக்கப் பிடிக்காத நாட்கள் அவை. இருவருக்கு அளந்தே பழகிய கை. ஒருவருக்கு எந்தப் பாத்திரம், எவ்வளவு தண்ணீர் என்று யோசித்துக்கொண்டே அடுப்புக்கு முன்னால் நிற்பேன். பிறகு பாத்திரத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு இரண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன். அப்படி ஒரு ராத்திரியில்தான் நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன்: "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரவர் வீட்டு அடுப்படியில் இருந்தபடியே, வீடியோவில் சேர்ந்து எல்லோரும் ஒரே சமையலைச் செய்து பார்க்கலாமா?" யாராவது பதில் போடுவார்கள் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை.

காலையில் முதலில் வந்திருந்த பதில், "என்னென்ன வாங்கி வைக்கணும்?" என்பதுதான். தைரியமாக இரு, காலம் ஆற்றும் என்றெல்லாம் அதில் எதுவும் இல்லை. அதற்குக் கீழே வரிசையாகப் பதில்கள். அன்றைக்கு ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பொருள் பட்டியல் எழுதினேன். அத்தனை நாட்களில் நானாக உட்கார்ந்து செய்த முதல் வேலை அது.

இனி அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அக்கா, உங்கள் பெயரைப் போடவில்லை. போட்டால் உங்களுக்குப் பிடிக்காது. படிக்கிற எல்லோருக்கும் யார் என்று தெரியும்.

முதல் ஞாயிறு அன்று சமையல் முடிந்ததும் எல்லோரும் கையசைத்து விடைபெற்றீர்கள். திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. எனக்குப் பயமாக இருந்தது அந்த நேரம்தான். சமைத்தாகிவிட்டது, வீடு முழுக்க வாசனை, சாப்பிட நான் ஒருத்தர்தான். தட்டை எடுக்கவே இல்லை. போனை அணைக்கப் போனால் இன்னும் ஒரு கட்டம் அப்படியே இருந்தது. அக்காவின் முகம்கூட அதில் தெரியவில்லை. குழாயும், நுரையும், வளையலை மேலே ஏற்றிவிட்ட இரண்டு கைகளும்தான் தெரிந்தன. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். மறந்துபோய் அப்படியே விட்டுவிட்டீர்கள் என்று நினைத்து, "அக்கா, வீடியோ கால் இன்னும் ஓடுது" என்றேன்.

"தெரியும். தட்டுல போட்டுக்கிட்டியா?"

"இல்லக்கா."

"போட்டுக்கோ. எனக்கு இன்னும் பாத்திரம் கிடக்கு."

அவ்வளவுதான் பேச்சு. போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் கேமரா பக்கம் திரும்பவே இல்லை. நான் அழுதேனா, எத்தனை வாய் சாப்பிட்டேன் என்று எதையும் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர் விழும் சத்தமும் பாத்திரம் உரசும் சத்தமும் மட்டும் வந்துகொண்டிருந்தன. பக்கத்து அறையில் யாரோ வேலை செய்துகொண்டிருக்கும்போது நாம் சாப்பிடுவோமே, வீடு அன்றைக்கு அப்படி இருந்தது. பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து பார்த்தேன். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு மூடியை எடுத்து மறுபடி சோப்பு போட்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே மூடியை இன்னொரு தடவை தேய்த்தீர்கள். உங்கள் தொட்டியில் பாத்திரம் எப்போதோ தீர்ந்துவிட்டது, அக்கா. நான் பார்த்துவிட்டேன். பார்த்ததை இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

தட்டு காலியானது. "சரி, வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அழைப்பைத் துண்டித்தீர்கள்.

அடுத்த வாரம் அழைப்பு பாதியில் அறுந்துபோனது. கூகுள் மீட்டில் இலவசக் கணக்கு என்றால் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம்தான். அன்றைக்குச் சமையல் இழுத்துவிட்டது. பரிமாறுவதற்கு முன்பே எல்லோரும் வெளியே வந்து விழுந்தோம். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உடனே போன் அடித்தது. நீங்கள்தான். "ரெண்டு பேர் மட்டும்னா 24 மணி நேரம் வரைக்கும் விடுவானாம், பையன் சொன்னான். நீ நிதானமா சாப்பிடு." அதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறதே, அக்கா. யாருக்காகக் கேட்டு வைத்தீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

பிறகு அது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஞாயிறு மட்டுமல்ல, சில வார நாட்களிலும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் வரும். மறுமுனையில் ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும். துணி மடிப்பீர்கள், கீரை ஆய்வீர்கள், பூண்டு உரிப்பீர்கள். ஒரு நாளும் ஆறுதல் சொன்னதில்லை. சமையலைப் பற்றி மட்டும் எப்போதாவது ஒரு வார்த்தை வரும். ஒருவருக்குச் சமைப்பது எப்படி என்று நான் திணறியபோது, "அளவைக் குறைக்காதே. எப்பவும் போல வை. சாப்பிட்டது போக மிச்சத்தை ஆறவிட்டு டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜுல வை, நாளைக்கும் நீ சாப்பிடணும்ல" என்றீர்கள். நாளைக்கும் நான் சாப்பிட வேண்டும் என்று அந்த நாட்களில் எனக்குச் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான்.

மற்றவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். நம் சத்தத்தை மீட்டுக்கொடுத்த கல்லூரி மாணவிக்கு முதலில் நன்றி. வீடியோ அழைப்புச் செயலிகள் வறுபடும் சத்தத்தை இரைச்சல் என்று எண்ணி வடிகட்டிவிடும். அமைப்புகளுக்குள் போய் அந்த வடிகட்டியை அணைக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். வெங்காயத்தில் தண்ணீர் இருக்கும்வரை சடசடவென்று கத்தும், வற்ற வற்றச் சத்தம் அடங்கும். பக்குவத்தைப் பாதி காதால்தான் அறிகிறோம். அந்தச் சத்தம் திரும்பக் கிடைத்த நாளில் எல்லோர் அடுப்படியும் என் அடுப்படிக்குள் வந்துவிட்டது.

ஆவி பட்டு கேமரா மங்காமல் இருக்க, போனை அடுப்புக்கு நேர் மேலே தொங்கவிடாமல் பக்கவாட்டில் சாய்த்து வைக்க அட்டைப்பெட்டியில் தாங்கி செய்து காட்டிய அண்ணனுக்கு நன்றி. வெளிநாட்டிலிருந்து சேர்ந்த தம்பி கேட்காமல் இருந்திருந்தால், நம் மேசைக்கரண்டி 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20 மில்லி என்பது நமக்குத் தெரிந்திருக்காது. அவன் குழம்பு ஏன் ஒவ்வொரு முறையும் உப்புக் கரித்தது என்பதற்கு விடை அங்கேதான் இருந்தது. அன்றிலிருந்து பட்டியலில் கிராம் கணக்கு வந்தது. மலைமேல் இருக்கிற டீச்சரின் பருப்பு எல்லோருடையதும் வெந்த பிறகும் வேகாமல் நின்றது. 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் கூடுதல் நேரம் ஆகும் என்று விளக்கிய ஐயாவுக்கும், டீச்சரின் பருப்பு வேகும்வரை பொறுமையாகக் காத்திருந்த அத்தனை பேருக்கும் நன்றி. காது சரியாகக் கேட்காத தாத்தாவுக்காக ஒவ்வொரு படியையும் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கேமரா முன்னால் பிடித்த குட்டிப் பெண்ணே, உன்னை எப்படி மறப்பேன்! "தீயைக் குறை" என்ற உன் சிவப்பு அட்டையைப் பார்த்து நாங்கள் எல்லோருமே தீயைக் குறைத்தோம்.

நர்ஸ் அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், பெரிய பாத்திரத்தில் இருப்பதை அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்தால் சீக்கிரம் ஆறும், கோழியின் உள்பகுதி 74 டிகிரி சூடு கண்டிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் சலிக்காமல் நினைவூட்டினீர்கள். யாருக்கு எந்தப் பொருள் ஒவ்வாது என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதும் பழக்கமும் நீங்கள் கொண்டுவந்ததுதான். தனியாக இருப்பவருக்கு உடம்பு கெட்டுப்போனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று தெரிந்து சொல்கிற பேச்சு அது. அந்த அக்கறை எனக்குப் புரிந்தது.

திரையில் பார்த்துச் சமைப்பதெல்லாம் ஒரு சேர்த்தியா என்று சிலர் கேட்டார்கள். வாசனை வராது, ருசி வராது, ஒரு வாய் ஊட்டிவிட முடியாது, எல்லாம் உண்மைதான். ஆனால் நேரம் வருகிறது. அதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். பதிவு செய்த சமையல் வீடியோக்களில் வெங்காயத்தை எண்ணெயில் போடுவார்கள், அடுத்த நொடியில் அது பொன்னிறமாகிவிடும். நடுவில் உள்ளதை வெட்டிவிடுகிறார்கள். நிஜத்தில் நிதானமான தீயில் அதற்கு 20 நிமிடமாவது வேண்டும், நன்றாகப் பழுப்பேற வேண்டுமானால் 40 நிமிடம்கூட ஆகும். நமக்கு வாழ்க்கை கிடைத்தது அந்த வெட்டப்படுகிற 20 நிமிடத்தில்தான். கிளறிக்கொண்டே ஒருவர் மகளின் தேர்வைப் பற்றிப் பேசினார். ஒருவர் வேலை போனதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். கை ஒரு வேலையில் இருக்கும்போது, கண் வாணலியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்ல முடியாததெல்லாம் வந்துவிடுகிறது. நானும் அப்படித்தான் ஒரு ஞாயிறு அன்று, அந்தப் பெயரை அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாகச் சொன்னேன். யாரும் பதறவில்லை. "நல்லா சமைப்பாங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. "ரொம்ப நல்லா" என்றேன். கிளறுவதை யாரும் நிறுத்தவில்லை. அதற்காகவும் நன்றி.

அதனால்தான் சீக்கிரம் முடிகிற சமையலாகப் போடலாமே என்று யார் சொன்னாலும் நான் மாட்டேன் என்கிறேன். மெதுவாக ஆகிற சமையலைத்தான் இனியும் தேர்ந்தெடுப்பேன். நேரம் பற்றாவிட்டால் இன்னொரு லிங்க் போட்டுக்கொள்வோம்.

இன்னொன்றையும் உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லி வைக்கிறேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் அழைப்பிலிருந்து கடைசியாக வெளியே போகிறவர் நானாகத்தான் இருப்பேன். தட்டில் போட்டுக்கொள்ளாத ஒருவர் மிச்சமிருந்தாலும் நான் போகமாட்டேன். தேய்க்கப் பாத்திரம் இல்லாவிட்டால் தேய்த்ததையே எடுத்துத் தேய்ப்பேன். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

அக்கா, நீங்கள் இனி கொஞ்சம் சீக்கிரம் போய்ப் படுத்துக்கொள்ளலாம். எட்டு மணிக்கு மட்டும் போன் செய்யாமல் இருந்துவிடாதீர்கள். நான் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன். ஆனாலும் செய்யுங்கள்.

கடைசியாக, சமீபத்தில் குழுவில் சேர்ந்திருக்கும் புதியவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் கட்டம் எப்போதும் இருட்டாகவே இருக்கிறது, மைக்கும் அணைந்தே இருக்கிறது. ஆனால் நாங்கள் முடிக்கும்வரை நீங்கள் போவதில்லை என்பதைக் கவனித்தேன். கேமரா போட வேண்டாம். பேச வேண்டிய அவசியமும் இல்லை. சமைக்கக்கூட வேண்டாம், சும்மா இருங்கள். வரும் ஞாயிறுக்கான பொருள் பட்டியல் வியாழக்கிழமை வரும். அதில் ஒருவருக்கான அளவையும் தனியாக எழுதியிருக்கிறேன். எல்லோரும் போன பிறகு நான் இருப்பேன்.

அன்புடனும் தீராத நன்றியுடனும்,
உங்களில் ஒருவர்