படிவம் கேட்காத கேள்வி

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக் குழுவினருக்கு,

வணக்கம். ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுதான் ஓர் உணவியல் ஆலோசகராக என் அன்றாட வேலை.

ஸ்லீவ் ஆபரேஷன் செய்து இரண்டு வருடமான ஒருவர், உண்ணும் கோளாறு இருக்கிறதா என்று கண்டறியும் கேள்விப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். ‘ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிச் சாப்பிட்டீர்களா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்திருந்தார். உண்மைதான். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்த பிறகு அவரால் எப்படி முடியும்? பேச்சோடு பேச்சாகத்தான் தெரியவந்தது: பிஸ்கட் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க ஒவ்வொன்றாகச் சாப்பிடுகிறார். “போதும்னு தெரியுது மேடம், கை நிக்க மாட்டேங்குது” என்றார். படிவத்தில் அவருக்குப் பூஜ்யம்.

மனநலக் கோளாறுகளுக்கான அமெரிக்கக் கையேடு டிஎஸ்எம்-5. 2013-இல் வந்த அதன் வரையறை, மிதமிஞ்சி உண்ணும் கோளாறுக்கு இரண்டும் வேண்டும் என்கிறது: அளவும் பெரிதாக இருக்க வேண்டும், கட்டுப்பாடும் கைவிட்டுப் போயிருக்க வேண்டும். நம் நோயாளிகளிடம் முதலாவதை உடம்பே தடுத்துவிடுகிறது. ஆகவே அளவைக் கேட்காதீர்கள். நிறுத்த முடிந்ததா என்று கேளுங்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கென்றே மாற்றியமைத்த நேர்காணல் முறைகூட இருக்கிறது.

தவறு எதிர்ப்பக்கமும் நடக்கிறது. மெதுவாக மெல்வது, சில உணவுகளை ஒதுக்குவது, கொஞ்சமாகச் சாப்பிடுவது எல்லாம் நாமே சொல்லிக்கொடுத்தவை. பொதுவான படிவமோ அவற்றையே நோய்க்குறியாக எண்ணி மதிப்பெண் போடுகிறது. காரணத்தைக் கேட்டால்தான் பிரித்தறிய முடியும். வாந்தி எடுத்தது உணவு அடைத்துக்கொண்டதாலா, எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் விரலை விட்டா? (எதுவானாலும், வாந்தி நிற்காவிட்டால் வைட்டமின் பி1 ஆன தயமினைக் கவனியுங்கள். அது குறைந்தால் மூளை பாதிக்கப்படும்.) மென்று துப்புகிறவர்களும் உண்டு. நாமாகக் கேட்காமல் அதை யாரும் சொல்வதில்லை, அவ்வளவு கூச்சம்.

ஆபரேஷனுக்கு முன் ஒரு தடவை கேட்டாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகுமோ என்ற அச்சம் அப்போது இருக்கும். முதல் வருடம் எடை இறங்க இறங்க எல்லோருக்கும் சந்தோஷம். சிக்கல் பலருக்குப் பிறகுதான் தலைகாட்டுகிறது, அவர்கள் பரிசோதனைக்கு வருவதும் குறைந்துபோன சமயத்தில். வருடா வருடம் கேளுங்கள்.

இன்னொன்று. எடை மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே கேளுங்கள். எண்ணைப் பார்த்துத் தலைகுனிந்தவரிடம் அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் “நல்லாத்தான் சாப்பிடுறேன்” என்பார்.

உங்களோடு வேலை செய்யும்
ஓர் உணவியல் ஆலோசகர்